பாபீன் வீட்டுச் சொல்

எங்கள் ஊரில் பாபீனுக்குக் ‘காதுக்காரி’ என்று பட்டப்பெயர். சும்மா வைத்த பெயரில்லை. அடுப்பில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருக்கும், வெளியே மழை கூரையைப் போட்டு அடிக்கும், மாடியில் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். அத்தனையையும் தாண்டி, எவளோ ஒருத்தி தலையணைக்குள் முனகிய ஒற்றை ஆங்கிலச் சொல் அவள் காதில் வந்து விழும்.

“யாருடி அது, ஜன்னலோரக் கட்டிலா? இன்னொரு தடவை கேட்டேன், பொட்டியக் கட்டிடுவேன்!”

பெட்டி கட்டுவது வெறும் மிரட்டல் இல்லை. கோடைப் பள்ளியின் சட்டம் அது. ஜூன் பிறந்தால் டப்ளினிலிருந்தும் கார்க்கிலிருந்தும் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் ஐரிஷ் கற்றுக்கொள்ள, அதை இன்னும் வீட்டில் பேசுகிற எங்கள் கானமாராக் கடலோரத்துக்கு வந்து இறங்குவார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு கூட்டம். காலையில் வகுப்பு, மத்தியானம் கடல், சாயங்காலம் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஆட்டம். சாப்பாடும் படுக்கையும் ஊர்க்காரர்கள் வீட்டில். அந்த வீட்டை நடத்துகிறவளை ‘வீட்டம்மா’ என்றுதான் பிள்ளைகள் கூப்பிட வேண்டும். ஆங்கிலம் பேசி மூன்று தடவை மாட்டினால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெற்றவர்கள் வந்து கெஞ்சினாலும் ஹெட்மாஸ்டர் ருவாரி மசிய மாட்டார்.

மற்ற வீட்டம்மாக்கள் கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவார்கள். பாபீன் விடமாட்டாள். அவள் சாப்பாட்டு மேசையில் இலக்கணம் சரியாக இருந்தால்தான் உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் கிடைக்கும். தப்பாகக் கேட்டவள் வெறும் கிழங்கைத் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு கோடையில் நாலு பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். “என் வீட்டுச் சுவருக்குக்கூட இங்கிலீஷ் தெரியாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவள் புருஷன் கோலீன், ரோடு போடுகிற வேலைக்காரர், பக்கத்திலிருந்து, “சுவருக்குத் தெரியாது, சரி. நாய்க்குத் தெரியும். டப்ளின் பொண்ணுங்க சொல்லிக்குடுத்துட்டாங்க” என்பார். அவர் சொல்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவருக்கு வெண்ணெய் எப்போதும் உண்டு.

பாபீனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பள்ளியில் பிரம்படி வாங்கிக் கற்றுக்கொண்டது. டாக்டரிடம் பேசுவாள், படிவம் நிரப்புவாள், பாஸ்டனிலிருக்கிற சித்தி மகள் போனில் கூப்பிட்டால் பதில் சொல்வாள். ஆனால் அந்த மொழியில் அவள் யாரையும் கொஞ்சியதில்லை, யாரோடும் அழுததில்லை. காலர் விறைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் அதைப் பேசுவாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், அவள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்துப் பதின்மூன்றாவது கோடையில், க்ளோடா வந்தாள். டப்ளின் பஸ் டிரைவரின் மகள். பதினாலு வயது, நீளமான கை கால், எதற்கும் சிரிப்பு. ஐரிஷ் என்றால் எட்டிக்காய். முதல் நாலு நாளுக்குள் இரண்டு தடவை மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை காலில் சுடுதண்ணீர் கொட்டி ஆங்கிலத்தில் கத்தினாள். பாவம்தான், ஆனால் பாபீன் அதையும் ருவாரியிடம் சொல்லிவிட்டாள்.

“சுடுதண்ணி கொட்டினா கத்தாம என்ன பண்ணுவா?” என்றார் கோலீன்.

“கத்தட்டும். நம்ம மொழியில கத்துறதுக்கு வார்த்தையா இல்ல?”

அதற்குப் பிறகு க்ளோடா பயந்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்பாவுக்கு மனசு விட்டுப்போய்விடும் என்று பாத்திரம் துடைக்கும்போது ஒரு நாள் பாபீனிடம் சொன்னாள். சிறு வயதில் ஐரிஷில் தேறாமல் பள்ளிப் படிப்பையே விட்டவராம் அவர். மகளாவது பேசட்டும் என்று அனுப்பியிருக்கிறார். அவளுடைய ஐரிஷ் முழுக்கப் புத்தகத்திலிருந்து வந்தது. “என் தந்தை ஞாயிற்றுக்கிழமை வருகிறார், வீட்டம்மா. நான் அவருக்கு முன்னால் பேசுவேன். அவர் மிகவும் மகிழ்வார்” என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். பாபீன் அன்றைக்கு அவளுக்குத் தாராளமாகவே வெண்ணெய் வைத்தாள்.

நடு ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஞாயிறு. பெற்றவர்கள், தம்பி தங்கைகள் எல்லாரும் காரில் வந்து இறங்குவார்கள். ருவாரி அவர்களையும் சும்மா விடமாட்டார். பத்து வாக்கியம் எழுதின தாளை முன்கூட்டியே தபாலில் அனுப்பி, மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லியிருப்பார். கூடத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்கும் வகுப்பு. பாங்க் மானேஜரும் பல் டாக்டரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, “இன்று நல்ல வானிலை” என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பதைப் பார்க்க ஊரே ஜன்னலில் நிற்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. பெண்கள் கோயிலுக்குப் புறப்பட்டுப் போய் ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பாபீன் கையில் ஒட்டிய மாவோடு நடையில் போய் ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் க்ளோடாவின் அம்மா, டப்ளின் ஆஸ்பத்திரியிலிருந்து. விடிகாலையில் புறப்படுவதற்காகக் கேக் டப்பாவைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டிருந்த க்ளோடாவின் அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

“என் தம்பி அவளக் கூட்டிட்டு வரக் கிளம்பிட்டான்மா” என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னாள். “ஒரு மணிவாக்குல அங்க வந்துருவான். அதுக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. அவனுக்கு அழத்தான் தெரியும், சொல்லத் தெரியாது. நாலு மணி நேரம் கார்ல அவன் மூஞ்சியப் பாத்து எம்பொண்ணு தெரிஞ்சுக்க வேணாம். உங்களப் பத்தி எழுதிருந்தா. ரொம்பக் கண்டிப்பு, ஆனா நல்லவங்கன்னு.”

“நான் சொல்றேன்” என்றாள் பாபீன். அவளுக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

பூசை, பாட்டு ஒத்திகையெல்லாம் முடிந்து பன்னிரண்டே கால் மணிக்குப் பெண்கள் திரும்பினார்கள். மூன்று மணி நேரமாகப் பாபீன் அந்த வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சட்டம் என்பதால் அவள் அதைத் தள்ளவில்லை, சட்டத்தை அவள் அப்போது நினைக்கவே இல்லை. ஒரு பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய விஷயத்தை டாக்டரிடம் பேசுகிற மொழியில் எப்படிச் சொல்வது? தன் அம்மா கண்மூடியபோது தனக்கு எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வது என்று முடிவு செய்தாள். க்ளோடாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“க்ளோடா, கண்ணு. உங்கம்மா போன் பண்ணாங்க. உங்கப்பா தவறிட்டாரு, தங்கம்.”

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் சாவதில்லை. ஆடு சாகும், மாடு சாகும். மனிதர்கள் தவறிப்போவார்கள். வேறு மாதிரி சொன்னால் சொன்னவன் வாயிலேயே போடுவார்கள். ஆனால் டப்ளினில் அச்சடித்த ஐரிஷ் பாடப்புத்தகத்துக்கு இது தெரியாது. அதில் ஐந்தாம் பாடத்தில் ஓர் ஆடு மலையில் வழி தவறிப்போகிறது. ஆறாம் பாடத்தில் கிடைத்துவிடுகிறது.

க்ளோடாவின் உதடு ஒவ்வொரு சொல்லாக அசைந்தது. புரிந்துவிட்டதும் முகம் மலர்ந்தது.

“மறுபடியுமா!” என்று சிரித்தாள். “என் தந்தை எப்பொழுதும் தவறுகிறார், வீட்டம்மா! அவர் ஒரு பெரிய ஆடு. அவருக்கு ஒரே ஒரு சாலைதான் தெரியும், அவருடைய பேருந்துச் சாலை.” எழுந்துவிட்டாள். “நான் வாசலில் நிற்கிறேன். கையசைக்கிறேன். அவர் இந்த வீட்டைத் தாண்டிச் சென்றுவிடுவார்.” அடுப்புக் கம்பியில் தொங்கிய சிவப்புக் கட்டம் போட்ட துண்டை உருவிக்கொண்டு ஓடினாள்.

பாபீன் வாயைத் திறந்தாள். கூப்பிட்டிருக்கலாம். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசனை வந்தது, அதைப் பார்க்கப் போனாள். கோழை என்றால் அந்த நிமிடத்தில் அவள்தான். பிற்பாடு அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாள், நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

கார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு காருக்கும் க்ளோடா வாசலில் நின்று துண்டை ஆட்டினாள். மற்றப் பெண்களின் அம்மா அப்பாக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். “தங்கள் வரவு நல்வரவாகுக” என்றாள். ஒரு தகப்பனார் தாளைப் பார்த்துப் பார்த்து, “நான்... பசியாக... இருக்கிறாய்” என்று சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பாபீனுக்கு எல்லாம் கேட்டது. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வந்தவர்களுக்கு ரொட்டி வெட்டினாள், டீ ஊற்றினாள், இன்னொரு ரொட்டி வெட்டினாள்.

கோலீன் உள்ளே வந்தார். “அந்தப் புள்ள ஏன் மழையில நிக்குது?”

“அவங்கப்பாவுக்காக.”

“நீ இன்னும் சொல்லலையா?”

“சொன்னேன்.”

“சொன்னியா? அப்புறம்?”

“சிரிச்சா” என்றாள் பாபீன். “வழி தவறிட்டாருன்னு நெனச்சுக்கிட்டா, கோலீன். நானும் விட்டுட்டேன்.”

கோலீன் தொப்பியைக் கழற்றினார். “இங்கிலீஷ்ல சொல்லு, பாபீன்.”

“இந்த வீட்டுலயா?”

“வீட்டுல வேணாம். வாசல்ல போய்ச் சொல்லு. நான் டீ ஊத்துறேன்.”

அவள் போனபோது மணி ஒன்றாகப் போகிறது. நாற்பது நிமிடம் அந்தப் பெண் நின்றிருக்கிறாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பாபீன் அவள் கையிலிருந்த துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். உன் அப்பா செத்துப்போய்விட்டார், இன்றைக்குக் காலையில், உன் வீட்டு வாசலில். எட்டுப் பத்துச் சொல்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்கிற சொல்லைத்தான் அந்த மொழி மனிதருக்கும் வைத்திருக்கிறது.

க்ளோடா அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஐரிஷில் சொன்னாள்.

“வீட்டம்மா, நீங்க இங்கிலீஷ் பேசிட்டீங்க.”

புத்தக வாடை இல்லாமல், எங்கள் ஊர்க்காரி மாதிரியே சொன்னாள். வந்த பத்து நாளில் அவள் பேசிய முதல் தப்பில்லாத வாக்கியம் அதுதான். அந்த நேரத்திலும் அது தன் காதில் பட்டதே என்று பாபீன் தன்னை மன்னிக்கவே இல்லை.

அப்போது வளைவில் ஒரு சிவப்புக் கார் திரும்பியது. மாமாவுக்குச் சொந்தக் கார் கிடையாது, அவர் எடுத்து வந்தது அவள் அப்பாவின் காரை. க்ளோடா பாபீனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் சொன்னவளைப் பார்க்கிற பார்வை அது. “அப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள், துண்டை ஆட்டிக்கொண்டே. கார் நின்றது. கதவு திறந்தது. மாமா இறங்கினார். அவருக்கு அழத்தான் தெரிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு பாபீன் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் கூடத்துக்கு நடந்தாள். பெற்றவர்கள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ருவாரியை வெளியே கூப்பிட்டாள்.

“இன்னைக்கு நான் இங்கிலீஷ் பேசினேன், மாஸ்டர். எழுதிக்குங்க.”

“கேள்விப்பட்டேன், பாபீன். அது கணக்குல வராதும்மா.”

“சுடுதண்ணி கொட்டினப்ப அந்தப் புள்ள கத்தினது கணக்குல வந்துச்சே” என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு க்ளோடாவின் அம்மா துண்டைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பார்சலில் அனுப்பியிருந்தாள். அதற்குள்ளே மடித்து ஒரு தாள். ருவாரி அனுப்பின பத்து வாக்கியத் தாள்தான், மடிப்பெல்லாம் கிரீஸ் கறை. ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் எப்படி உச்சரிப்பது என்று ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் அதை ஸ்டியரிங்மேல் வைத்துப் படிப்பாராம், பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் கேலி செய்வார்களாம். ஒன்பது வாக்கியம் வந்துவிட்டதாம், பத்தாவதுதான் வரவில்லையாம். ‘க்ளோடா நன்றாக இருக்கிறாள், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்’ என்று முடித்திருந்தாள் அந்த அம்மாள். க்ளோடா சொல்லியிருக்க மாட்டாள் என்று பாபீனுக்குத் தெரியும். அவள் மறுபடி எங்கள் பக்கம் வரவேயில்லை.

அடுத்த கோடையிலிருந்து பாபீனிடம் ஒரு புதுப் பழக்கம். புதுக் கூட்டம் வந்து இறங்கும், மழையில் நனைந்த பெட்டியும் படுக்கையுமாய்ப் பன்னிரண்டு பேர். குளியலறை எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, எதையும் சொல்லுவதற்கு முன்னால், சமையற்கட்டில் வரிசையாக நிறுத்துவாள்.

“ஒரு வார்த்தை மட்டும் மொதல்ல கத்துக்குங்க. எங்க ஊர்ல ‘தவறிட்டாரு’ன்னா வழி தெரியாமப் போறது இல்ல. செத்துட்டாருன்னு அர்த்தம். புஸ்தகத்துல இருக்கிறத மறந்துடுங்க. சொல்லுங்க.”

பன்னிரண்டு பேரும் சொல்ல வேண்டும், ஒவ்வொருத்தியாக. ஆங்கிலத்தில் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். ‘சாவு வீட்டம்மா’ என்று பெயர் வைத்தார்கள். கடைசி நாள் கூத்தில் எவளாவது தலையில் முண்டாசு கட்டி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, “தவறிட்டாரு! சொல்லுங்க!” என்று அவளைப் போலவே நடித்துக் காட்டுவாள், கூடமே அதிரும். பாபீனும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மூன்றாவது தடவைக்காக அதற்குப் பின் யாரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. காது மந்தமாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பதினெட்டு வருஷம் போயிற்று. அவள் மகன்கள் இருவரும் வளர்ந்து பாஸ்டனில் குடியேறிவிட்டார்கள். கோலீனுக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, மழை விட்டிருந்தது என்று, அடுப்பெரிக்க வெட்டிக் காயப்போட்ட கரிமண் கட்டிகளைப் புரட்டிவைக்கச் சதுப்பு நிலத்துக்குப் போனார். “ஒரு மணிக்கு வந்துருவேன். எனக்கு வெண்ணெய் மிச்சம் வை. அந்தக் குண்டுப் பொண்ணு இலக்கணத்துல ரொம்பத் தேறிட்டா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பாபீன் கிழங்கை வடித்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் பக்கத்து வீட்டு மார்ட்டின் வந்து நின்றான். பூட்ஸ் முழுக்கக் கறுப்புச் சேறு. தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

“கோலீன் தவறிட்டாரு, பாபீன்.”

அவள் ஐந்தாம் பாடம் படித்தவள் இல்லையே. முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

கிழங்கை மூடிவைத்தாள். அடுப்பை அணைத்தாள். மார்ட்டின் பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். பன்னிரண்டு பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முள்கரண்டியால் தட்டிக்கொண்டு, ஒரே சளசளப்பு. யார் யாருக்கு வெண்ணெய் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் கோலீனின் நாற்காலி காலியாக இருந்தது.

“கண்ணுங்களா” என்றாள் பாபீன். “அவரு தவறிட்டாரு.”

ஒவ்வொரு முள்கரண்டியாக மேசைமேல் இறங்கியது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரத்துப் பெண், சிவப்பு முடிக்காரி, கோலீன் சொன்ன குண்டுப் பெண், கடைக்கோடியில் இருந்த சின்னவள். ஒருத்தியாவது. ஒரே ஒருத்தி ஐந்தாம் பாடத்தை நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுந்து, நான் போய் வாசலில் நிற்கிறேன், கையசைக்கிறேன் என்று சொல்லமாட்டாளா? நாற்பது நிமிடம் கூட வேண்டாம், கிழங்கு ஆறுகிற நேரம் போதும் பாபீனுக்கு.

பன்னிரண்டு பேருக்கும் புரிந்திருந்தது. அவளே கற்றுக்கொடுத்த சொல்.